10–12 வயதுப் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுத் தொகுதி (சூரியனும் கோள்களும்): எதிலிருந்து தொடங்குவது?

வாசிகசாலை (கேள்வி)

கொழும்பு வெள்ளவத்தையில் சனிக்கிழமைப் பின்னேரங்களில் நடக்கும் வாசிப்பு வட்டத்தில் அடுத்த மாதம் வானியல் தொடங்குகிறோம். 24 பிள்ளைகள், வயது 10 முதல் 12 வரை. ஒன்றரை மணித்தியாலப்படி மூன்று வகுப்புகள் இருக்கின்றன. மண்டபம் ஏறத்தாழ 8 மீற்றருக்கு 9 மீற்றர், ஓடு பதித்த நிலம். தொலைநோக்கி இல்லை. ஒரு வகுப்பை வெளியே, காலிமுகத்திடல் மாதிரி ஓரிடத்தில் வைக்கலாம். பெற்றோர் சிலர் கூட வருவார்கள்.

எட்டுக் கோள்களின் பெயரும் பிள்ளைகளுக்கு வரிசையாகத் தெரியும். சிக்கல் அதற்குப் பிறகுதான். படத்தில் பார்த்தபடி கோள்கள் எல்லாம் தோளோடு தோள் உரசி நிற்பதாகவும், ஒழுக்கு (கோள் சுற்றிவரும் பாதை) என்பது வானத்தில் போட்ட தண்டவாளம் என்றும் நினைக்கிறார்கள். பூமி ஏன் சூரியனுக்குள் விழவில்லை என்று கேட்டால் "ஈர்ப்பு இருக்கிறபடியால்" என்கிறார்கள். ஈர்ப்பு இருந்தால் விழத்தானே வேண்டும்!

தூரத்தையும் பருமனையும் எப்படிக் காட்டுவது? கோள்கள் சுற்றுவதைப் பிள்ளைகளே செய்து பார்க்க வழி உண்டா? துணி விரித்து நடுவில் பாரத்தை வைத்து மாபிள் உருட்டும் பரிசோதனை நல்லதா? செலவு குறைவாக இருக்க வேண்டும்.

---

கடுகுக்கணக்கு

முதல் வகுப்பில் படத்தையே எடுக்க வேண்டாம். ஒரு தாளில் பருமனையும் தூரத்தையும் ஒரே அளவுத்திட்டத்தில் வரைய முடியாது என்பதை முதலில் காட்டுங்கள். சூரியனிலிருந்து நெப்டியூன் வரை உள்ள 450 கோடி கிலோமீற்றரை 65 சென்ரிமீற்றர் பிறிஸ்டல் போட்டுக்குள் (தடித்த அட்டைத்தாள்) அடக்கினால் சூரியனே 0.2 மில்லிமீற்றர்தான் வரும், குண்டூசி முனை அளவு. பூமியை நுணுக்குக்காட்டியில்தான் தேட வேண்டும். பாடப்புத்தகப் படம் இரண்டு அளவுத்திட்டங்களைக் கலந்து வரைந்தது. இதைப் பிள்ளைகளே கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தால் அதற்குப் பிறகு எந்தப் படத்தையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள்.

காலிமுகத்திடலுக்குப் பொருந்துவது ஆயிரம் கோடியில் ஒரு பங்கு. அதாவது 1 மீற்றர் என்றால் 1 கோடி கிலோமீற்றர். திடல் நீளவாக்கில் அரைக் கிலோமீற்றர் அளவு இருப்பதால் நெப்டியூன் வரை உள்ளே அடங்கும். தென்முனையில், ஹோட்டல் பக்கத்தில் சூரியனை வைத்து ஜனாதிபதி செயலகப் பக்கமாக நடவுங்கள்.

சூரியன்: 13.9 சென்ரிமீற்றர் விட்டம். மஞ்சள் பிறிஸ்டல் போட்டில் வட்டமாக வெட்டலாம். உரித்த தேங்காயும் கிட்டத்தட்ட இந்த அளவுதான்.
புதன்: 5.8 மீற்றரில், அரை மில்லிமீற்றர். ஒரு ரவைத் துணிக்கை.
வெள்ளி: 10.8 மீற்றரில், 1.2 மில்லிமீற்றர். சின்னக் கடுகு.
பூமி: 15 மீற்றரில், 1.3 மில்லிமீற்றர். இன்னொரு கடுகு.
செவ்வாய்: 22.8 மீற்றரில், 0.7 மில்லிமீற்றர். கொஞ்சம் பெரிய ரவை.
வியாழன்: 78 மீற்றரில், 14 மில்லிமீற்றர். கண்ணாடி மாபிள்.
சனி: 143 மீற்றரில், 11.6 மில்லிமீற்றர். அவித்த கடலை ஒன்று, திடலிலேயே வாங்கலாம். வளையத்துக்கு 27 மில்லிமீற்றர் விட்டமுள்ள தாள் வட்டம்.
யுரேனஸ்: 287 மீற்றரில், 5 மில்லிமீற்றர். பெரிய மிளகு.
நெப்டியூன்: 450 மீற்றரில், அதுவும் ஒரு மிளகு.

பூமி அட்டையில் கடுகை ஒட்டி, அதிலிருந்து 3.8 சென்ரிமீற்றர் தள்ளி ஒரு பேனைப் புள்ளி வையுங்கள். அது சந்திரன். மனிதர் இதுவரை போய்வந்த தூரமெல்லாம் அந்த 4 சென்ரிமீற்றர்தான். இந்த இடத்தில் கொஞ்சம் நின்று, திரும்பித் தேங்காயைப் பார்க்கச் சொல்லுங்கள். கடுகின் இடத்திலிருந்து பார்க்கும்போது தேங்காய் தெரியும் பருமனும் வானத்தில் சூரியன் தெரியும் பருமனும் ஒன்றுதான், இரண்டும் அரைப் பாகை. (உண்மைச் சூரியனை நேரே பார்த்து ஒப்பிட விடாதீர்கள்.)

ஒளியின் வேகத்தையும் இதே திடலில் நடத்தலாம். இந்த அளவில் ஒளி செக்கனுக்கு 3 சென்ரிமீற்றர் போகும். 20 சென்ரிமீற்றர் சப்பாத்து என்றால் 7 செக்கனுக்கு ஒரு அடி. சூரியனிலிருந்து கடுகுக்கு வர 8 நிமிடம் 20 செக்கன் ஆகும். பொறுமையான ஒரு பிள்ளையிடம் இந்த வேலையைக் கொடுங்கள். மற்றவர்கள் வியாழனுக்குப் போய்த் திரும்பி வந்தாலும் அந்தப் பிள்ளை பூமிக்கு வந்து சேர்ந்திருக்காது.

எங்கே பிழைக்கும் என்று சொல்லிவிடுகிறேன். அடி எண்ணி அளக்க வேண்டாம். 10 வயதுப் பிள்ளையின் அடி 50 சென்ரிமீற்றரும் வரும், 70உம் வரும்; நெப்டியூனில் நூறு மீற்றர் பிழை விழும். நைலோன் கயிறு இழுபடும். 30 மீற்றர் அளவு நாடா ஒன்றை யாரிடமாவது இரவல் வாங்குங்கள், அல்லது தொலைபேசி வரைபடத்தில் தூரத்தை அளந்து இடங்களை முதல் நாளே குறித்து வையுங்கள். பின்னேரக் காற்றில் அட்டை பறக்கும், அதனால் ஒவ்வொன்றையும் தண்ணீர் நிரப்பிய போத்தலில் கட்டுங்கள். கடுகை வெள்ளை அட்டையில் ஒட்டி மேலே ஒளிபுகும் டேப் போட வேண்டும். வெறும் கம் என்றால் பாதி வழியில் பூமி தொலைந்துவிடும். ஞாயிற்றுக்கிழமையும் போயா நாளும் (பௌர்ணமி விடுமுறை) வேண்டாம், பட்டமும் சனமும் நிறைந்திருக்கும்.

முடிவில் ஒரு கேள்வி வரும்: அடுத்த நட்சத்திரம் எங்கே? புரொக்சிமா சென்டோரி 4.25 ஒளியாண்டு தூரத்தில். இந்தத் திட்டத்தில் 4,000 கிலோமீற்றர். கொழும்பிலிருந்து சவூதியின் றியாத் அவ்வளவு தூரம்தான். அப்பாவோ மாமாவோ அங்கே வேலை செய்யும் பிள்ளை ஒன்றாவது வகுப்பில் இருக்கும், அந்தத் தூரம் எவ்வளவு என்று அதற்குத் தெரியும்.

---

ஓட்டுக்கோடு

மேலே சொன்ன நடையில் ஒரு குறை உண்டு. எல்லாக் கோளும் ஒரே வரிசையில் நிற்கும், அசையாது. அதை மட்டும் செய்தால் "கோள்கள் வரிசையாக நிற்கும்" என்று மனதில் பதிந்துவிடும். ஆகவே அசைவுக்கு மண்டபத்திலேயே ஒரு வகுப்பு வேண்டும். உங்கள் 8 × 9 மீற்றர் போதும். உள்ளே உள்ள நான்கு கோள்களை மட்டும் எடுங்கள்.

பருமனை மறந்துவிடுங்கள், தூரம் மட்டும். சூரியன்–பூமித் தூரம் 2 மீற்றர் என்று வைத்தால் ஆரைகள்: புதன் 77 சென்ரிமீற்றர், வெள்ளி 145, பூமி 200, செவ்வாய் 305. இழுபடாத தடித்த நூலில் இந்த நான்கு இடத்திலும் முடிச்சுப் போட்டு, நடுவில் ஒருவர் நுனியை நிலத்தோடு அழுத்திப் பிடிக்க, வெவ்வேறு நிற வெண்கட்டியால் வட்டங்களைப் போடுங்கள். நூல் நிலத்தை ஒட்டி இருக்க வேண்டும். மேலே தூக்கினால் வட்டம் சுருங்கும்.

அடுத்தது புள்ளிகள். ஒரு தட்டு (மேசையில் ஒரு தடவை தட்டுவது) என்றால் 16 நாள். ஒரு சுற்றுக்கு வெள்ளிக்கு 14 புள்ளி, பூமிக்கு 23, செவ்வாய்க்கு 43. புதனுக்கு 88 நாள், அதாவது ஐந்தரைத் தட்டு. அதனால் 11 புள்ளி வைத்து, தட்டுக்கு இரண்டு புள்ளி நகரச் செய்யுங்கள். ஒரு புள்ளியிலிருந்து அடுத்த புள்ளிக்கு நேர்கோட்டில் உள்ள தூரம்: புதன் 43.4 சென்ரிமீற்றர், வெள்ளி 64.5, பூமி 54.5, செவ்வாய் 44.5. அந்த நீளத்துக்கு ஒரு அட்டைக் கீலத்தை வெட்டி, வட்டத்தில் அடுத்தடுத்து வைத்துக் குறிக்கலாம்.

இங்கேதான் பலர் கோட்டை விடுவது. அட்டை அரைச் சென்ரிமீற்றர் பிழைத்தாலும் செவ்வாயில் 43 தடவை கூடி 20 சென்ரிமீற்றருக்கு மேல் போகும், கடைசிப் புள்ளி முதல் புள்ளியோடு சேராது. ஒரு பக்கமாகவே போகாமல் தொடக்கப் புள்ளியிலிருந்து இரு பக்கமும் பாதிப் பாதியாகக் குறியுங்கள். மிச்சப் பிழை எதிர்ப்பக்கத்தில் இரண்டு மூன்று புள்ளிக்குள் பங்கிடப்படும், யாருக்கும் தெரியாது. எல்லா வட்டத்திலும் முதல் புள்ளி நடுவிலிருந்து போகும் ஒரே ஓட்டுக்கோட்டில் (நிலத்து ஓடுகளுக்கு இடையே உள்ள கோடு) இருக்கட்டும். ஏன் என்று கீழே வரும்.

நடக்கும் திசை இடஞ்சுழி, மணிக்கூட்டு முள்ளுக்கு எதிர்ப்பக்கம். வடக்கிலிருந்து பார்த்தால் எட்டுக் கோளும் அப்படித்தான் சுற்றுகின்றன. ஒரு பிள்ளை மேசையில் தட்ட, நான்கு பேர் நடக்கட்டும். மற்றவர்கள் ஆளுக்கொரு கோளின் சுற்றை எண்ண வேண்டும். பூமி ஒரு சுற்று முடிக்கும்போது புதன் நாலு தாண்டியிருக்கும், செவ்வாய் பாதிதான் வந்திருக்கும்.

பிள்ளைகளைத் தங்கள் அடியின் நீளத்தைக் கவனிக்கச் சொல்லுங்கள். புதன் தட்டுக்கு 87 சென்ரிமீற்றர் பாய வேண்டும், செவ்வாய்க்கு 44 போதும். தூரக் கோளுக்குப் பாதையும் நீளம், வேகமும் குறைவு. உண்மை வேகம் செக்கனுக்குப் புதன் 47 கிலோமீற்றர், வெள்ளி 35, பூமி 30, செவ்வாய் 24. அடியின் நீளமும் அதே விகிதத்தில்தான் இருக்கிறது. கெப்ளரின் மூன்றாம் விதியை (கோளின் தூரத்துக்கும் சுற்றும் காலத்துக்கும் உள்ள தொடர்பு) இந்த வயதில் சூத்திரமாகக் கொடுக்க வேண்டியதில்லை, காலால் தெரிந்தால் போதும்.

அந்த ஓட்டுக்கோட்டுக்கு இப்போது வருகிறேன். பூமியையும் செவ்வாயையும் முதல் புள்ளியில் நிறுத்தி, இருவரையும் 6 புள்ளி பின்னே அனுப்புங்கள். இருவரும் ஒரு தையல் இலாஸ்டிக் நாடாவின் இரு நுனியைப் பிடிக்கட்டும் (தூரம் மாறும், நூல் தொய்யும்). இனி 12 தட்டு. ஒவ்வொரு தட்டுக்கும் நாடா ஓட்டுக்கோட்டிலிருந்து எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். முதல் நாலு தட்டில் நாடா இடஞ்சுழியாகத் திரும்பும், நடு நாலு தட்டில் வலஞ்சுழியாகத் திரும்பும், கடைசி நாலில் மறுபடி இடஞ்சுழி. செவ்வாய் ஒரு தடவையும் பின்னே நடக்கவில்லை. பூமி உள்வட்டத்தில் முந்திப் போனதால் பின்னே போனது மாதிரித் தெரிந்தது, அவ்வளவுதான்.

சுவரில் ஓரிடத்தைக் குறிவைத்து இதைச் செய்ய வேண்டாம். சுவர் மிகப் பக்கத்தில் இருப்பதால் பிழையான விடை வரும். நட்சத்திரங்கள் எட்டாத தூரத்தில் இருக்கின்றன, ஆகவே திசையைத்தான் ஒப்பிட வேண்டும். ஓட்டுக்கோடுகள் அதற்கென்றே போட்டுத் தந்ததுபோல இருக்கும்.

---

பஞ்சாங்கம்

ஓட்டுக்கோடு சொன்ன அந்தப் பின்னடைவுக்கு வீட்டிலேயே பெயர் இருக்குது. வக்கிரம். "செவ்வாய் வக்கிரம்" என்று பஞ்சாங்கத்தில் போடுறது இதைத்தான். அக்கா, பிள்ளைகளுக்கு இந்த விசயத்தில் பாதி ஏற்கெனவே தெரியும், தெரியும் என்று தெரியாது. அங்கிருந்து தொடங்குங்கோ.

செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி. கண்ணுக்குத் தெரியிற ஐந்து கோளும் கிழமைக்குள்ளேயே கிடக்குது. பிறகு, வீட்டில் கேட்கிற குருப்பெயர்ச்சி ஏன் ஏறத்தாழ வருசத்துக்கு ஒருக்கால்? வியாழன் சூரியனைச் சுற்ற 11.86 வருசம், வானத்தில் 12 ராசி, ஆகவே ராசிக்கு ஒரு வருசம். ஏழரைச் சனி ஏன் ஏழரை? சனிக்கு ஒரு சுற்று 29.5 வருசம், ராசிக்கு இரண்டரை, மூன்று ராசிக்கு ஏழரை. பிரித்துக் கணக்குப் போட விடுங்கோ, பிள்ளையள் துள்ளுவினம். வகுப்பில் 12 வயசு முடிஞ்ச பிள்ளை இருந்தால் அது பிறந்தபோது நின்ற இடத்துக்கு வியாழன் இப்பதான் ஒரு சுற்று முடிச்சு வந்திருக்கு. பிரபவ முதல் அட்சய வரை 60 வருசம் எண்ணுறோமே, அதற்குள் வியாழன் ஐந்து சுற்று (59.3 வருசம்), சனி இரண்டு சுற்று (58.9).

பலன் பக்கம் போக வேண்டாம். யாராவது கேட்டால், காலக்கணக்கு அளந்து பார்க்கக்கூடியது, பலனை வானியல் சொல்லாது என்று ஒரு வரியில் விடுங்கோ. பெற்றோரோடு வாதாடப் போனால் வகுப்பு அங்கேயே நின்றுபோகும்.

"நவக்கிரகம் என்றால் ஒன்பது, நீங்கள் எட்டு என்கிறீர்கள்" என்று கட்டாயம் ஒரு பிள்ளை கேட்கும். கோயிலில் இருக்கிற ஒன்பதில் சூரியன் நட்சத்திரம், சந்திரன் பூமியின் உபகோள், பூமி பட்டியலிலேயே இல்லை. நின்று பார்க்கிற நிலத்தை யார் வானத்தில் எண்ணுவது? நட்சத்திரங்களுக்கு நடுவே இடம் மாறுகிற எல்லாவற்றையும் எண்ணின பட்டியல் அது. ராகுவும் கேதுவும் பொருளே இல்லை, இரண்டு புள்ளி. சந்திரனின் ஒழுக்கு பூமியின் ஒழுக்குத் தளத்துக்கு 5 பாகை சாய்ந்து கிடக்குது, இரண்டும் வெட்டிக்கொள்கிற இடங்கள்தான் ராகு, கேது. போயாவோ அமாவாசையோ அந்தப் புள்ளிக்குக் கிட்ட வந்தால்தான் கிரகணம். பாம்பு விழுங்குறதுக்கு அடியில் நல்ல வடிவகணிதம் இருக்குது!

சொற்களில் இன்னொரு வில்லங்கம். "பூமி சுற்றுது" என்றால் தமிழில் இரண்டு அர்த்தம். முதல் நாளே பிரித்துவிடுங்கோ: தன்னைத்தானே என்றால் சுழலுது, சூரியனை என்றால் சுற்றுது. இந்திய யூடியூப் பார்க்கிற பிள்ளைகள் சூரியக் குடும்பம், சுற்றுப்பாதை, நீள்வட்டம் என்று சொல்லும். எங்கள் புத்தகத்தில் ஞாயிற்றுத் தொகுதி, ஒழுக்கு, நீள்வளையம். ஒரு அட்டையில் சோடி சோடியாக எழுதித் தொங்கவிடுங்கோ. ஒழுக்கு என்றதும் கூரை ஒழுக்கை நினைத்துச் சிரிக்கிறதும் நடக்கும்.

---

வாசிகசாலை

மூவருக்கும் நன்றி. நிலத்தில் வட்டம் போடுவது முடிவாகிவிட்டது. இரண்டு சந்தேகம்.

ஒன்று, வட்டமாகப் போட்டால் ஒழுக்கு நீள்வளையம் என்பது எப்படி வரும்? படங்களில் முட்டை மாதிரித்தானே போடுகிறார்கள். இரண்டு, "ஏன் விழவில்லை" என்பதற்கு இன்னும் விடை வரவில்லை. துணியில் மாபிள் உருட்டுவதைப் பற்றியும் யாரும் சொல்லவில்லை.

---

குண்டூசி இரண்டு

படத்தில் உள்ள முட்டை, சாய்வாகப் பார்க்கும் வட்டம். தட்டைச் சரித்துப் பிடித்தால் தெரிவது போல. அதைத்தான் பிள்ளைகள் ஒழுக்கின் உண்மை வடிவம் என்று நினைத்துவிடுகிறார்கள்.

வரைந்து பார்த்தால் தீர்ந்துவிடும். றிஜிபோம் (தெர்மகோல்) பலகையில் தாளை வைத்து, இரண்டு குண்டூசி குத்தி, நூல் வளையம் ஒன்றைப் போட்டு, பென்சிலால் இழுத்துப் பிடித்துச் சுற்றுங்கள். 20 சென்ரிமீற்றர் நீளமான நீள்வளையத்துக்கு, ஊசிகளுக்கு இடையே புதனுக்கு 4.1 சென்ரிமீற்றர், செவ்வாய்க்கு 1.9, பூமிக்கு 3 மில்லிமீற்றர் மட்டும். நூல் வளையத்தின் முழு நீளம், 20 சென்ரிமீற்றரோடு ஊசிகளின் இடைவெளியைக் கூட்டினது. ஒரு ஊசியில் சூரியன், மற்ற ஊசியில் ஒன்றும் இல்லை.

வரைந்ததும் குறுக்கே அளக்கச் சொல்லுங்கள். புதனில் கூட 20க்கு 19.6 சென்ரிமீற்றர் வரும். செவ்வாயில் வித்தியாசம் ஒரு மில்லிமீற்றரும் இல்லை. பூமியில் பென்சில் கோட்டின் தடிப்புக்குள் போய்விடும். கண்ணுக்கு மூன்றும் வட்டம்தான். ஆனால் சூரியன் நடுவில் இல்லை: செவ்வாய்ப் படத்தில் 9 மில்லிமீற்றர், புதனில் 2 சென்ரிமீற்றர் விலகி நிற்கும். "வட்டம் போலத்தான், ஆனால் சூரியன் நடுவில் இல்லை" என்று பிள்ளை சொன்னால் அது முட்டை வரைகிற பிள்ளையை விடச் சரியாகப் புரிந்துகொண்டது. 1609இல் கெப்ளர் இதை வெளியிட்டபோது செவ்வாயின் அளவீடுகளில்தான் பிடித்தார். நன்றாக அளந்து கிடைத்தவற்றுள் அதன் விலகல் போதிய அளவு பெரிது. பூமியை வைத்து யாரும் பிடித்திருக்க முடியாது. எனவே நிலத்தில் வட்டம் போடுவதில் தப்பில்லை.

நூல் தொங்கும்படி விட்டால் கோடு அலையும். முடிச்சு பென்சிலில் சிக்கினால் ஒரு பக்கம் குழி விழும், முடிச்சை ஊசிப் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். ஊசி சரியாமல் இருக்கப் பலகை 2 சென்ரிமீற்றராவது தடிப்பாக வேண்டும்.

இனி விழுவது. பூமி விழுந்துகொண்டுதான் இருக்கிறது. ஒரு செக்கனில் 30 கிலோமீற்றர் முன்னே போகிறது, அதே செக்கனில் நேர்கோட்டிலிருந்து சூரியன் பக்கமாக 3 மில்லிமீற்றர் விழுகிறது. 30 கிலோமீற்றருக்கு 3 மில்லிமீற்றர். வெள்ளவத்தையிலிருந்து களுத்துறைப் பக்கம் வரை ஒரு நேர்கோடு போட்டு, மறுமுனையில் மூன்று மில்லிமீற்றர் வளைத்தால் எவ்வளவோ, அவ்வளவுதான். அந்தச் சிறு வளைவு ஓயாமல் சேர்ந்து வருசத்தில் வட்டமாக மூடிக்கொள்கிறது. பக்கவாட்டு வேகம் நின்றால் பூமி நேரே சூரியனுக்குள் போகும், ஈர்ப்பு நின்றால் நேர்கோட்டில் ஓடிவிடும். இரண்டும் வேண்டும்.

கையால் காட்ட: பழைய குமிழ்முனைப் பேனையின் வெறுங்குழாய், ஒரு மீற்றர் நூல், ஒரு நுனியில் 10 கிராம் அளவான மென்பந்து, மற்ற நுனியில் 50 கிராம் வாசர்கள் (ஆணியோடு போடும் உலோக வளையங்கள்). குழாயின் விளிம்பை மெழுகுதிரிச் சுடரில் லேசாக உருக்கி மழுக்குங்கள் (இதை நீங்கள் செய்யுங்கள்), இல்லாவிட்டால் நூல் அறும். தலைக்கு மேலே, 50 சென்ரிமீற்றர் ஆரையில் சுழற்றினால் பத்துச் சுற்றுக்கு ஏறத்தாழ 6 செக்கன் வரும்போது வாசர்கள் ஏறாமல் இறங்காமல் நிற்கும். வெளியிடத்தில், மற்றவர்கள் 3 மீற்றர் தள்ளி.

பிறகு வாசர்ப் பக்கத்து நூலை விட்டால் பந்து எந்தப் பக்கம் போகும் என்று வரையச் சொல்லுங்கள். பெரும்பாலான பிள்ளைகள் நடுவிலிருந்து வெளிநோக்கி அம்புக்குறி போடுவார்கள். உண்மையில் விட்ட கணத்தில் போய்க்கொண்டிருந்த திசையிலேயே, தொடுகோட்டில் போகும். தலைக்கு மேலே பார்த்தால் விளங்காது. சீமெந்து நிலத்தில் பந்தை உருட்டிச் சுற்றிவிட்டுக் கையை விடுவது தெளிவு. ஒரு எச்சரிக்கை: இதை வைத்து "தூரம் கூடினால் வேகம் குறையும்" என்று காட்டப் போகாதீர்கள். வாசரின் இழுவை தூரத்தோடு குறைவதில்லை, அதனால் ஆரை கூடினால் பந்தின் வேகம் கூடும். விடை தலைகீழாக வரும். அதற்கு ஓட்டுக்கோடு சொன்ன நடைதான்.

துணி: என் கணிப்பில் இந்த வயதுக்கு வேண்டாம். மாபிள் உராய்வால் வேகம் இழந்து சுருண்டு சுருண்டு நடுவில் விழும். பிள்ளை வீட்டுக்குக் கொண்டுபோவது "பூமியும் ஒருநாள் இப்படி விழும்" என்பதைத்தான். கோள்கள் போகும் வெளியில் உராய்வு இல்லை என்பதற்குச் சமம், அதனால்தான் 450 கோடி வருசம் சுற்றியும் நிற்கவில்லை. போதாததற்கு, துணியின் பள்ளத்தில் மாபிளை இழுப்பதே பூமியின் ஈர்ப்பு. ஈர்ப்பை விளக்க ஈர்ப்பையே அடியில் ஒளித்து வைத்ததாகப் போகும்.

---

கடுகுக்கணக்கு

துணி பற்றிச் சொன்னதோடு உடன்படுகிறேன். முந்தைய பதிவில் விட்ட ஒன்று: திடலில் நடந்து முடிந்ததும், கடுகு தன் 94 மீற்றர் சுற்றளவில் எவ்வளவு வேகமாக நகர வேண்டும் என்று கணக்கிடச் சொல்லுங்கள். மணிக்கு ஒரு சென்ரிமீற்றர். நெப்டியூன் மிளகு நாளுக்கு 4.7 சென்ரிமீற்றர், 1846இல் கண்டுபிடித்த இடத்துக்கு அது திரும்பி வந்தது 2011இல்தான்.

புளூட்டோவைக் கேட்பார்கள். சராசரி 591 மீற்றர், திடல் முடிந்து அப்பால். ஆனால் அதன் ஒழுக்கு நன்றாக விலகினது, சூரியனுக்குக் கிட்ட வரும்போது 444 மீற்றர், நெப்டியூனுக்கும் உள்ளே. 1979 முதல் 1999 வரை அப்படித்தான் இருந்தது. குண்டூசிப் படத்துக்கு இது நல்ல உதாரணம்: 20 சென்ரிமீற்றர் நீளத்துக்கு ஊசிகள் 5 சென்ரிமீற்றர் தள்ளி. 2006இல் குறுங்கோள் என்று பிரித்ததற்கும் இதற்கும் தொடர்பில்லை. தன் ஒழுக்கின் சுற்றுப்புறத்தைத் தனதாக்கிக்கொள்ளும் அளவு அது பெரிதில்லை என்பதே காரணம்.

---

ஓட்டுக்கோடு

சூரியன் நடுவில் இல்லை என்றதும் "கிட்ட வரும்போது வெயில் காலம்" என்று யாராவது முடிச்சுப் போடுவார்கள். முன்கூட்டியே அவிழ்த்துவிடுங்கள். பூமி சூரியனுக்கு மிகக் கிட்ட வருவது ஜனவரி தொடக்கத்தில் (14.7 கோடி கிலோமீற்றர்), மிகத் தூரம் ஜூலை தொடக்கத்தில் (15.2 கோடி). ஜனவரியில் நுவரெலியாவில் குளிர். பருவம் பூமியின் அச்சு 23.4 பாகை சாய்ந்திருப்பதால் வருவது.

கொழும்பில் இருந்துகொண்டு பருவத்தைக் காட்டுவது கடினம், பகலின் நீளம் வருசத்தில் முக்கால் மணித்தியாலம்தான் கூடிக் குறையும். ஆனால் எங்களுக்கு மேற்கே தடையில்லாத கடல் இருக்கிறது. ஒரே கல்லில் நின்று மாதத்துக்கொரு தடவை சூரியன் கடலைத் தொடப்போகும் இடத்தை வரையச் சொல்லுங்கள், கரையில் தெரியும் கட்டடத்தையோ கப்பல்துறைப் பாரந்தூக்கியையோ அடையாளம் வைத்து. ஜூனில் நேர் மேற்கிலிருந்து 23 பாகைக்குச் சற்று மேலே வடக்கே, டிசம்பரில் அதே அளவு தெற்கே. கையை நீட்டிப் பொத்திப் பிடித்த கைமுட்டி ஏறத்தாழ 10 பாகை. ஆக, கிட்டத்தட்ட ஐந்து முட்டி. சூரியன் மஞ்சளாகிக் கண் கூசாத கடைசி நிமிடங்களில் கூட உற்றுப் பார்க்க வேண்டாம், ஒரு கண வீச்சு போதும். ஏப்ரல் 7, செப்டெம்பர் 5 அளவில் கொழும்பில் நண்பகல் 12.10ஐ ஒட்டி நிலைக்குத்தான போத்தலுக்கு நிழலே விழாது. அதையும் நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

---

வாசிகசாலை

திட்டம் இப்படி: முதல் வகுப்பு பிறிஸ்டல் போட் கணக்கு, கிழமைகளும் பெயர்ச்சியும், குண்டூசிப் படம். இரண்டாவது மண்டபத்தில் நான்கு வட்டம். மூன்றாவது காலிமுகத்திடல். அன்று மழை பெய்தால்?

---

கடுகுக்கணக்கு

கடைகளில் பில் அடிக்கும் தாள் ரோல் ஒன்று வாங்கி வைத்திருங்கள். 9 மீற்றர் 20 சென்ரிமீற்றர் நீளத்துக்கு வெட்டி மண்டபத்தில் மூலைக்கு மூலை விரியுங்கள், மூலைவிட்டம் 12 மீற்றர் வரும், தாராளம். சூரியனிலிருந்து சென்ரிமீற்றரில்: புதன் 12, வெள்ளி 22, பூமி 30, செவ்வாய் 46, வியாழன் 156, சனி 287, யுரேனஸ் 576, நெப்டியூன் 902. இந்த அளவில் சூரியனே 3 மில்லிமீற்றர்தான், கோள்களுக்குப் பேனைப் புள்ளியும் அதிகம். மே முதல் செப்டெம்பர் வரை என்றால் இதை இரண்டாவது யோசனையாக வைக்காமல் முதலே வெட்டி வையுங்கள். எழுதப் போல்பொயின்ட் நல்லது.

---

பஞ்சாங்கம்

பின்னேரம் வானம் தெளிந்திருந்தால் மேலே ஒருக்கால் காட்டிவிட்டு அனுப்புங்கோ அக்கா. மினுங்காமல் நின்று எரியிறது கோள். கொழும்பில் ஜனவரியிலிருந்து மார்ச் வரை நல்ல வானம். 2027 பெப்ரவரி 19 அளவில் செவ்வாய் சூரியனுக்கு நேர் எதிரே வருது; நீங்கள் ஓட்டுக்கோட்டில் நிறுத்தின அதே நிலை. அதுக்கு ஒரு மாதம் முன்னும் பின்னும் கிழமைக்கு ஒருக்கால் பக்கத்து நட்சத்திரங்களோடு சேர்த்துப் படம் வரைஞ்சால் வக்கிரத்தைப் பிள்ளையள் தாங்களே பிடிப்பினம்.